காது குத்துக்குப் போன பாஸ்போர்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஞாபகமும் இப்போது ஒழுகுகிற குடம் மாதிரி. மறந்துபோன இடங்களில் மருமகள் செல்வி சொன்னதைப் போட்டிருக்கிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறக்காதவள் நான். ரேஷன் கடையில் என் பேரைக் கூப்பிட்டால்கூட, பக்கத்தில் நிற்பவளை விட்டுத்தான் "இங்க இருக்காங்க" என்று சொல்ல வைப்பேன். அப்படிப்பட்டவள் ஒரு நாள் மைக்கைப் பிடித்துப் பேசினேன். அதற்குக் காரணம் ஒரு போலந்து நாட்டு பாஸ்போர்ட்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், கிரிவலப் பாதைக்குப் போகும் ஒரு சந்தில் இருக்கிறது. மாடி அறையை வாடகைக்கு விடுகிறோம். வருஷா வருஷம் குளிர்காலத்தில் வந்து தங்குகிறவர் ஹன்னா. போலந்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் சந்தில் எல்லாருக்கும் அவர் அன்னம்மா. தமிழைத் துண்டு துண்டாகத்தான் பேசுவார்.

மத்தியானம் நான் மல்லாட்டை உரிக்க உட்கார்ந்தால் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) அவரும் வந்து உட்காருவார். கூட்டத்தில்தான் எனக்குக் கூச்சம். தனியாக ஒருத்தர் கிடைத்துவிட்டால் கேள்வி கேட்டே கொன்றுவிடுவேன். டிவி செய்தியில் எந்த நாட்டின் பெயர் வந்தாலும் அடுத்த நாள் அவரிடம் கேட்பேன்.

"ஜெர்மனிக்குப் போவணும்னா உனுக்கு விசா வேணுமா அன்னம்மா?"

"வேணாம். பாஸ்போர்ட்டும் வேணாம். கார்டு போதும்."

(ஆதார் மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். என் ஆதாரைக் காட்டினால் பேங்கிலேயே "படத்துல இருக்கறது நீங்கதானாம்மா?" என்கிறார்கள்.)

"நேபாளம்?"

"ஏரோப்ளேன் எறங்கி, அங்க வாங்கணும்."

"இலங்கை?"

"முன்னாடியே கம்ப்யூட்டர்ல கேக்கணும்."

"அமெரிக்கா?"

"அப்போ பெரிய கியூ, விசா குடுன்னு நிக்கணும். இப்போ கம்ப்யூட்டர்ல எழுதணும், அவ்ளோதான்."

எனக்கு அது சொந்தக்காரர் வீடுகள் மாதிரி பட்டது. ஒரு வீட்டுக்குக் கொல்லைப்பக்கமாகவே நுழைந்துவிடலாம். ஒரு வீட்டுக்கு போன் பண்ணிவிட்டுத்தான் போக வேண்டும். இன்னொரு வீட்டில் கேட்டிலேயே நிற்க வைத்து, என்ன விஷயம் என்பார்கள்.

பாஸ்போர்ட்டை அவர் ஒரு துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பார். குளிக்கப் போகும்போதும் கழற்றமாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"எங்க அம்மா காலத்துல பாஸ்போர்ட் வீட்ல இல்ல. போலீஸ் வச்சிருக்கும். வெளிய போகணும்னா கேக்கணும். திரும்பி வந்தா குடுத்துடணும். அம்மா கேட்டாங்க. குடுக்கல. அம்மா எங்கயும் போகல."

அன்றைக்கு ரொம்ப நேரம் நான் கடலை உரிக்கவே இல்லை. அடுத்த நாட்டுக்காரன் கதவைத் திறப்பது இருக்கட்டும், சொந்த வீட்டுக் கதவையே இவர்களுக்குத் திறக்கவில்லையே.

நம் நாட்டுக்கு அவருக்கு கம்ப்யூட்டர் விசா. ஆனால் ஒரே மூச்சில் இத்தனை நாள்தான் தங்கலாம் என்று கணக்கு உண்டு. அந்த வருஷம் கடைசி நாள் ஒரு புதன்கிழமையில் வந்தது. அன்றைக்குச் சாயந்திரம் சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம். அங்கே ஒரு தோழி வீட்டில் தங்கிவிட்டுப் போலந்து போவார். இலங்கைக்கும் கம்ப்யூட்டரில் கேட்டு வாங்கியாகிவிட்டது. ஒரு நாள் பிந்தினாலும் அபராதமாம். அதைவிடப் பெரிய பயம், அடுத்த வருஷம் விசா கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாமாம். "அப்புறம் இங்க வரமுடியாது, அம்மா" என்றார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

தினசரி காலண்டரைப் பார்த்தேன். புதன்கிழமை வடக்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது. சென்னை எங்களுக்கு வடக்கே. (கொழும்பு தெற்கேதான். ஆனால் தெற்கே போக வடக்கே போக வேண்டியிருக்கிறது. இதில் எந்தத் திசையைக் கணக்கில் எடுப்பது என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்.) செவ்வாயும் வடக்கே சூலம்தான். திங்கள் பரவாயில்லை. இதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் வைப்பது என்போம். போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையை மட்டும் வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பினால் ஆள் கிளம்பின மாதிரி.

அன்னம்மாவிடம் சொன்னதும் அவர் கண் விரிந்தது. "பை போனா நான் போயாச்சு?"

"போயாச்சு. பயணத்துக்கு எது ரொம்ப முக்கியமோ, அத பையில வைக்கணும்."

கழுத்திலிருந்த துணிப்பையைக் கழற்றி ஒரு சின்ன நீலப் பைக்குள் வைத்தார். நான் தடுக்கவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. பைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வாரில் கொஞ்சம் மல்லிகைப்பூ சுற்றி, திங்கட்கிழமை நல்ல நேரத்தில் வடக்கே இரண்டு வீடு தள்ளி கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலையில் கார் வந்து நின்றது. கஸ்தூரி வீட்டுக்குப் போனால் பூட்டு. போன் அடித்தேன்.

"யக்கா, நான் கீழ்பென்னாத்தூர்ல இருக்கறேன். எங்க அண்ணன் பேத்திக்குக் காது குத்துன்னு சொன்னேனே."

"என் பை?"

"வெளிநாட்டுக்காரங்க பைய பூட்டுன வீட்ல எப்டி வுட்டுட்டு வர்றது? பத்திரமா கையோட எடுத்துக்கினு வந்துட்டேன்."

அன்னம்மாவின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. கை தானாகவே கழுத்தைத் தடவிப் பார்த்தது. டிரைவர்தான் நிதானமாக, "கீழ்பென்னாத்தூர் போற வழிதானே, பாத்துக்கலாம்" என்றார். செல்வி ஆபீஸ் போயிருந்ததால் நானும் காரில் ஏறினேன். வழிக்கு என்று கட்டி வைத்திருந்த எலுமிச்சஞ்சோற்றுத் தூக்கு மடியில். வழியெல்லாம் நான் "ஒன்னும் ஆவாது, ஒன்னும் ஆவாது" என்றேன்.

காது குத்து நடந்த மண்டபத்து வாசலில் மேளம் ஓய்ந்திருந்தது. கஸ்தூரி ஓடி வந்தாள். அவள் முகமும் சரியில்லை.

"யக்கா, திட்டாத. ரூம்ல வச்சிருந்தேன். பசங்க சீர்த்தட்டு தூக்கும்போது, மஞ்சக் குங்குமம் பூவெல்லாம் இருக்குதேன்னு அதையும் தூக்கிட்டாங்க."

மேடையைப் பார்த்தேன். பட்டுப்பாவாடை, வாழைத்தார், பிஸ்கட் டப்பா, வெள்ளி விளக்கு, அதற்கு நடுவில் ஒரு தாம்பாளத்தில் அன்னம்மாவின் நீலப் பை உட்கார்ந்திருந்தது. தெருவைச் சுற்றி ஊர்வலம் வேறு போய் வந்திருக்கிறது.

எடுக்கக் கை நீட்டினாள் கஸ்தூரி. குழந்தையின் அப்பாயி (அப்பாவைப் பெற்ற பாட்டி), பெரிய மூக்குத்தி போட்ட அம்மாள், தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா கஸ்தூரி, சபையில வச்ச சீர எடுக்கறியா? கொயந்தைக்கு ஆவுமா அது?"

"அது சீர் இல்ல பெரிம்மா."

"சீர் இல்லன்னா தட்டுல எதுக்குக் குந்தியிருக்குது?"

கஸ்தூரி சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. மொய் எழுதும் மேஜையில் ஒருவர் மைக்கில் பெயர்களை முழங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் வாசலில் நின்று மணியைக் காட்டினார். அன்னம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தொலைந்துபோன பிள்ளை மாதிரி பார்த்தார்.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. மைக் என் கையில் இருந்தது.

"அது சீர் இல்லீங்க" என்றேன். என் குரல் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து என்னையே பயமுறுத்தியது. "அதுல இந்தம்மாவோட பாஸ்போர்ட் இருக்குது. இவங்க இன்னிக்கே நம்ம நாட்ட வுட்டுப் போவணும். போவலன்னா இனிமே வரவே வுடமாட்டாங்க."

பந்தியிலிருந்து ஒரு பெரியவர் எச்சில் கையோடு எழுந்து கேட்டார்.

"எந்த நாடும்மா?"

"போலந்துங்க."

"இப்ப போலந்துக்குப் போறாங்களா?"

"இல்லீங்க. இலங்கைக்கு."

"இலங்கை தெக்கால இல்ல இருக்குது? வடக்க எதுக்கு வந்தீங்க?"

மண்டபமே சிரித்தது. நானும் மைக்கைக் கீழே வைக்கத் தெரியாமல் அதிலேயே, "அது ஒரு பெரிய கதைங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மூக்குத்தி அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பிடியை விடவில்லை.

"எடுத்துக்கட்டும். தட்ட மட்டும் வெறுமையா வுடாதீங்க."

அன்னம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. என் கையிலிருந்த தூக்கை வாங்கித் தாம்பாளத்தில் வைத்தார், பையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார், குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். கார் வரைக்கும் நடக்கவில்லை, ஓடினார். பின்னால் மைக் முழங்கியது: "போலந்து அன்னம்மா அவர்கள், எலுமிச்சஞ்சோறு ஒரு தூக்கு!"

நானும் கஸ்தூரியும் பஸ்ஸில் திரும்பினோம். அவள் வழி முழுக்கச் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தேன். சாயந்திரம் செல்வியின் போனில் செய்தி வந்தது. முத்திரை குத்திவிட்டார்களாம், விமானத்தில் உட்கார்ந்துவிட்டாராம். அப்போதுதான் எனக்குத் தண்ணீர் இறங்கியது.

நடந்ததையெல்லாம் கேட்ட செல்வி எழுந்துபோய், கிழிக்காமல் இருந்த அந்த நாள் காலண்டர் தாளை என்னிடம் கொண்டுவந்தாள்.

"சூலம் வடக்குன்னு படிச்சீங்களே அத்தே, அதுக்குப் பக்கத்துல என்னா போட்டிருக்குது?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். பரிகாரம்: பால்.

"ஒரு டம்ளர் பால் குடிச்சிட்டுக் கிளம்பியிருந்தா போதும்" என்றாள்.

அன்னம்மாவுக்கு அடுத்த வருஷமும் விசா கிடைத்தது. வந்த மறுநாளே மூக்குத்தி அம்மாள் ஆள் அனுப்பித் தூக்கைத் திருப்பிக் கொடுத்தார், வெறுமையாக இல்லாமல் அதிரசத்தோடு. இப்போது எங்கள் வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், பக்கத்து ஊருக்கே ஆனாலும், என் மகன் வாசலில் நின்று, "நீ மட்டும் போறியா, உன் பை போயாச்சா?" என்று கேட்காமல் விடுவதில்லை. அன்னம்மா கேட்பது வேறு. போன மாதம் போனில், "அம்மா, லண்டன் போறேன். பாஸ்போர்ட் வேணும், கார்டு போதாதாம். அனுமதியும் வேணும், கம்ப்யூட்டர்ல வாங்கியாச்சு. லண்டன் எந்தத் திசை?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பாலைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

இதில் எந்த நாட்டுக்கு விசா வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நான் எழுதியதெல்லாம் கடலை உரிக்கும்போது காதில் விழுந்தவை. அடிக்கடி மாறும் என்று அன்னம்மாவே சொல்வார். போலந்துக்காரர்கள் யாரும் இதை நம்பி டிக்கெட் வாங்கிவிட வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.