கிறிஸ்துமஸுக்குள் பதினெட்டு டிகிரி

மூர் லேன், டாட்மோர்டன்
டிசம்பர் 9

அன்பு மகள் ஹேசலுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம், நானும் நலம், என் இடது கட்டைவிரல் மட்டும் நலமில்லை. அந்தக் கதை பின்னால் வரும். நீயும் மாப்பிள்ளை கிரெய்க்கும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் வீட்டில் தரைக்கு அடியிலேயே வெந்நீர்க் குழாய் ஓடுகிறதே. பேரன் பார்னிக்கு நான்கு மாதம் முடிந்திருக்கும். என் சார்பில் அவன் கன்னத்தில் ஒரு முத்தம் கொடு.

போன மாதம் தபாலில் ஒரு வெப்பமானியை அனுப்பி, கூடவே ஒரு சீட்டும் வைத்திருந்தாய். "வரவேற்பறையில பதினெட்டு காட்டினா கிறிஸ்துமஸுக்கு வர்றோம். இல்லைன்னா கிரெய்க் அம்மா வீட்டுக்குப் போறோம். கொழந்தைய அந்த ஐஸ் பெட்டியில படுக்க வைக்க முடியாதுப்பா. பேசாம கீத் மாமா மாதிரி குளிர் நுழையாத பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுடுங்க." அன்றைக்கு வெப்பமானி காட்டியது பதினொன்று. அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையுறையைக் கழற்றாமலேயே உருளைக்கிழங்கு தோல் சீவப் போய்விட்டாள்.

வாசலுக்கு மேல் 1874 என்று கல்லில் செதுக்கிய வீடு இது. ஜன்னலில் இருக்கும் அந்தக் காலத்து நெளிநெளியான கண்ணாடி வழியே பார்த்தால் மேட்டில் மேய்கிற ஆடெல்லாம் நடனம் ஆடும். சின்னவளாக இருந்தபோது நீயே அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாய். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பார்னிக்கு நான் எதைக் காட்டுவது? பேரனும் வர வேண்டும், கண்ணாடியும் இருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன், வண்டியில் எந்த இடுக்கில் காற்று நுழையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வீட்டில் சொல்ல மாட்டேனா என்று இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது.

முதலில் வரவேற்பறைக் கணப்பின் புகைபோக்கி. வீட்டுச் சூடெல்லாம் அது வழியாகத்தான் வானத்துக்குப் போகிறது, ஆட்டு ரோமம் வைத்து அடை, நெருப்பு மூட்டும்போது எடுத்துவிடு என்று தெருவில் சொன்னார்கள். பண்ணைக்காரர் ஹோல்ராய்டிடம் ஒரு சாக்கு ரோமம் வாங்கி வந்தேன். அதைக் கழுவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மூன்று நாள் மழை பிடித்ததும் நாற்றம் அறைக்குள் இறங்கியது. பக்கத்து வீட்டு கீத் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏம்ப்பா நோரிஸ், ஆட்ட உள்ள கட்டியிருக்கியா, இல்ல உன் பொண்டாட்டி டோரீனுக்குத் தெரியாம நீயே குளிக்காம இருக்கியா?" என்றான். நான் உள்ளே வந்து, இரண்டு ஜன்னலையும் இடுக்கு விடாமல் பட்டிப் பசை வைத்து அடைத்தேன். ஓர் எறும்பு நுழைய முடியாது, அப்படி அடைத்தேன். புகைபோக்கி அடைத்திருப்பது மறந்துபோகாமலிருக்க ரோமத்திலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனைத் தொங்கவும் விட்டிருந்தேன். அவ்வளவு புத்தி எனக்கு உண்டு. ஆனால் அந்த ரிப்பன் எதற்கென்று அம்மாவிடம் சொல்கிற புத்தி இல்லை. அவள் அதைக் கத்தரித்து பார்னிக்கு வாங்கிய பொம்மை டப்பாவில் கட்டிவிட்டு, குளிருகிறதே என்று கணப்பை மூட்டிவிட்டாள்.

ரோமம் எரிகிற வாடை உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒரு நிமிஷத்தில் அறை முழுக்கப் புகை, என் கை எனக்கே தெரியவில்லை. "ஜன்னலத் தொற" என்றாள் அம்மா. "முடியாது, அடைச்சிட்டேன்" என்றேன். "எதுக்கு அடைச்சே?" "பார்னிக்காக." "அவன் வர்ற வரைக்கும் நாம இருக்க வேண்டாமா?" அவள் நெருப்பில் வாளித் தண்ணீரைக் கொட்டினாள். நான் திருப்புளியை எடுத்து ஜன்னல் ஓரத்தில் நெம்பினேன். ஜன்னல் அசையவில்லை. பக்கத்துச் சுவரில் இருந்த பலகைதான் சடாரென்று பெயர்ந்து என் கட்டைவிரலில் விழுந்தது.

இப்போது கேள். பலகைக்குப் பின்னால் சுவர் இல்லை, பெட்டி மாதிரி ஒரு பள்ளம். அதற்குள், ஜன்னலை உள்ளிருந்தே மூடுகிற நான்கு மரக்கதவுகள் விசிறி போல் மடங்கி நிற்கின்றன. யார் எந்தக் காலத்தில் பலகை அடித்து மூடினார்களோ, முப்பது வருஷமாக நான் அதன் மேல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். புகை வெளியேற அம்மா வாசல் கதவை விசிறிக்கொண்டிருந்தாள்; நான் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஜன்னலையும் தட்டிப் பார்த்தேன். அங்கேயும் நான்கு. கதவின் முதுகில் தச்சர் பென்சிலால் "தெற்கு, இடது, மேலே" என்று எழுதியது நேற்று எழுதியது மாதிரி இருக்கிறது. கீலுக்கு எண்ணெய் விட்டு, ஒரு வாரம் சுரண்டி, இழுத்துச் சாத்தி இரும்புத் தாழைப் போட்டேன். மூடின சத்தம் இருக்கிறதே ஹேசல், தேவாலயக் கதவு மாதிரி. பகலில் கண்ணாடி, இருட்டினால் கதவு. வீட்டைக் கட்டியவன் குளிருக்கும் யோசித்துத்தான் கட்டியிருக்கிறான். யோசிக்காதவன் நான் ஒருவன்தான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நேற்று மாலை தெருவையே கூப்பிட்டேன். தேவாலயப் பாட்டுக் குழு முழுவதும் வந்தது, ஹோல்ராய்ட் வந்தார், கீத் தன் தங்கையோடு வந்தான். அம்மா தேநீரும் பழ கேக்கும் கொடுத்தாள். நான் ஏழு முறை திறந்து ஏழு முறை சாத்திக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள், கீத் மட்டும் தட்டவில்லை. கதவைத் தடவிக்கொண்டே நின்றான்.

"ஒரே வரிசை வீடுதானே. எங்க வீட்லயும் இருந்திருக்கும், இல்ல?"

"இருந்திருக்கும்பா."

"ஜன்னல் மாத்தறப்ப ஏதோ பலகைன்னு தூக்கிக் குப்பையில போட்டேன், நோரிஸ். நானே போட்டேன்."

இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொள் என்றேன். அப்போதுதான் வெப்பமானியைப் பார்த்தேன். பதினெட்டு. நூல் பிடித்தாற்போலப் பதினெட்டு. பிளாஸ்டிக் ஒரு துண்டு கூட இல்லாமல். அம்மாவே "பரவாயில்லையே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவள் இரண்டாவது முறை சொல்கிற வார்த்தை இது.

ஆகவே கிரெய்க்கின் அம்மாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, இருபத்து நான்காம் தேதியே புறப்பட்டு வாருங்கள். கடவுள் உங்கள் மூவரையும் சளி பிடிக்காமல் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

அன்புள்ள அப்பா,
நோரிஸ் ஆக்ராய்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அம்மா இதைப் படித்துவிட்டாள். "பதினெட்டு எப்பப் பாத்தே?" என்றாள். எல்லோரும் இருந்தபோது என்றேன். "எத்தனை பேரு?" பதினாறு பேர் என்றேன். "இப்பப் போய்ப் பாரு." பார்த்தேன். பதினைந்தரை. மீதி இரண்டரை அந்தப் பதினாறு பேரின் உடம்புச் சூடு. உன்னிடம் பொய் சொல்லி பார்னியை வரவழைக்க எனக்கு மனசில்லை. அதனால் அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் வந்தாள். நீங்கள் இருக்கிற மூன்று நாளும் முறை வைத்து வந்து உட்கார எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். பாட்டுக் குழு பாடவும் பாடும். அதை என்னால் தடுக்க முடியவில்லை. ஹோல்ராய்ட் குளித்துவிட்டு வருவதாகச் சொல்கிறார். கீத் மூன்று நாளும் வருவானாம், ஒரே ஒரு நிபந்தனை: இருட்டினதும் கதவை அவன்தான் சாத்த வேண்டும். இரண்டு ஜன்னலில் ஒன்றை மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.