பேரைப் படி, எழில்மதி!

பகலவனுக்கு அவர் மனைவி அமிர்தம் இழைத்த அநீதிகளை வரிசைப்படிதான் சொல்ல வேண்டும். வரிசை தப்பினால் மனு செல்லாது என்பது பகலவன் போட்ட சட்டம்.

ஒன்று. 2010, ஆவணி மாதம். தன் கல்யாணத்தில் தானே ஒரு மணி நேரம் எழுச்சியுரை ஆற்றுவதென்று பகலவன் ஒலிபெருக்கி கட்டியிருந்தார். பன்னிரண்டாவது நிமிடத்தில் மணப்பெண் எழுந்து மைக்கை வாங்கி, "சாம்பார் ஆறிக்கினு இருக்குது, எல்லாரும் சாப்புட வாங்க" என்றாள். அன்றைக்குக் கைதட்டல் வாங்கியது அந்த ஒரு வரி மட்டும்தான்.

இரண்டு. 2014. பெண் குழந்தை பிறந்தது. 'எரிமலை' என்று பெயர் பதியச் சொல்லி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். அமிர்தம் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் 'எழில்மதி' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மூன்று. 2017. வாரத்தில் நான்கு நாள் ரசம் வைப்பதைக் கண்டித்து வீட்டு வாசலில் சாகும்வரை உண்ணாவிரதம் அறிவித்தார். காலை ஆறு மணிக்குப் போராட்டம் தொடங்கியது. பதினொன்றரைக்கு அமிர்தம் கருவாட்டுக் குழம்பைக் கொதிக்கவிட்டு சன்னலைத் திறந்து வைத்தாள். பன்னிரண்டு பத்துக்குப் போராட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

நான்கு. 2021. மாநாட்டுப் பதாகைத் துணியை வெட்டி மகளுக்குப் பாவாடை தைத்தாள். தெரு நாய் துரத்திக் குழந்தை தலைதெறிக்க ஓடியபோது, பின்பக்கம் 'அஞ்சோம்' என்று கொட்டை எழுத்தில் ஊருக்கே தெரிந்தது.

ஐந்தாவது அநீதிதான் இந்தக் கதை.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கரும்புக் காட்டு வழியே ஒரு மைல் நடந்தால் பகலவன் ஊர். கைக்கு வேலை கரும்பு வெட்டு. தொழில் என்னவென்று யாராவது கேட்டால் மட்டும் 'போராட்டம்' என்பார். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது; மேற்படிப்பு முழுக்கத் துண்டறிக்கையில். பிறகு அவரே எழுத ஆரம்பித்தார். எல்லாம் ரோஸ் காகிதத்தில். முப்பது வருடத்தில் மறியல், கறுப்புக்கொடி என்று எதையும் விடவில்லை. பூட்டுப் போடும் போராட்டம் மட்டும் ஏழு. அந்த ஏழு பூட்டின் சாவிகளும் வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் மெடல்போலத் தொங்கின. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று கேட்டால் தெரியாது. முடிந்த போராட்டத்தைத் திரும்பிப் பார்ப்பது போராளிக்கு அழகல்ல என்பார்.

ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது அவரால். சுடுகாட்டுக்குப் பாதை வந்தது அவரால். ஆனால் எந்தத் திறப்புவிழாக் கல்லிலும் அவர் பெயர் இல்லை. எந்த மேடையிலும் யாரும் அவர் பெயரை வாய்விட்டுப் படித்ததில்லை. அந்தக் கசப்பு அவருக்குத் தொண்டையிலேயே நின்றது.

அதனால் இந்த ஜூலை மாதம் மாபெரும் முடிவொன்றை எடுத்தார். ஆறாம் வகுப்புப் படிக்கிற எழில்மதியைப் பேச்சாளர் ஆக்குவது. ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் அவளை முழங்க வைப்பது. யார் பெண் இது என்று ஊர் கேட்கும். அப்போதாவது தன் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்!

மறுநாள் விடியலிலேயே ஏரிக்கரையில் பயிற்சி தொடங்கியது. மேற்கே கல்வராயன் மலை, தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு, வேறு வழியில்லாமல் கேட்க உட்கார்ந்திருந்தது.

"மலையப் பாரு! கையத் தூக்கு! அருமைப் பெரியோர்களேன்னு ஆரம்பி!"

எழில்மதி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ப்பா, அந்தத் தட்டான் ஏன் வாலால தண்ணிய தொட்டுத் தொட்டுப் பறக்குது?"

முப்பது வருடத்தில் எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று பகலவன் சொன்னதில்லை.

"அதுக்கு இன்னா குறையோ. மனு குடுக்குது."

"யாருக்குப்பா?"

"ஏரிக்கு."

"ஏரி இன்னா பண்ணும்?"

"கெடப்புல போடும். நீ ஆரம்பிம்மா!"

பதினோரு நாள் இப்படிப் போனது. அந்தப் பதினோரு நாளில் தட்டான்கள் தண்ணீரைத் தொட்ட கணக்கு எழில்மதியின் நோட்டில் நானூற்றுப் பன்னிரண்டு. 'அருமைப் பெரியோர்களே' சொன்ன கணக்கு பூஜ்யம்.

பன்னிரண்டாம் நாள் பகலவன் வீட்டுக்குள் வந்து வெடித்தார்.

"அமிர்தம்! எல்லாம் நீ குடுக்கற செல்லம்! புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது!"

நூறு நாள் வேலையில் பெயர் படித்து வருகை போடுகிறவள் அமிர்தம். அவள் குரல் உயரவே உயராது; தேவைப்பட்டதில்லை.

"என்னாண்ட வாய மூடவே மாட்டேங்குது. எறும்பு ஏன் வரிசையில போவுதுன்னு நேத்து ஒரு மணி நேரம் சொன்னா."

"எறும்பப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"ஒன்னும் தெரியாது. அதனாலதான் கேட்டுக்கினு இருந்தேன்."

"தெரியாதுன்னு புள்ளயாண்ட சொன்னியா? மானம் போச்சு!"

"தெரியல, நீயே பாத்துட்டு வந்து சொல்லுன்னேன். பாத்துட்டு வந்து சொன்னா. நீங்க தெரியாததக் கேட்டா கோஷம் போடறீங்க. புள்ள எப்படிங்க பேசும்? உங்களுக்குப் புடிச்சத அது வாயில வக்கிறீங்க. அதுக்குப் புடிச்சத கேட்டுப் பாருங்க, மைக்கு தேவப்படாது."

"எனக்கே வகுப்பு எடுக்கிறியா?"

மூலையில் நோட்டோடு உட்கார்ந்திருந்த எழில்மதி தலையைத் தூக்கினாள்.

"படிச்சா தெரிஞ்சிடும்ப்பா. லைப்ரரிதான் பூட்டிக் கெடக்குது."

"இன்னாது? பூட்டிக் கெடக்குதா? எத்தினி நாளா?"

"ஆறு வருஷமா."

பகலவன் துள்ளி எழுந்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. இருபது வயது குறைந்தது.

"ஆறு வருஷம்! ஏழைப் புள்ளைங்க படிக்கிற எடத்த! எவன் பூட்டனான்? எந்தத் துரோகி?"

அமிர்தம் சுவரைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். பிறகு மிகவும் பணிவாகச் சொன்னாள்.

"கண்டுபுடிக்கணுங்க. வுடக் கூடாது."

"வுடறதா! மனு போடறேன் பாரு!"

"நீங்க வேணாம். புள்ள விசாரிக்கட்டும். புள்ளயே எழுதட்டும். கிராம சபையில அதுவே படிக்கட்டும். அது வரைக்கும் நீங்க அதத் தொட்டுப் பாக்கக் கூடாது."

"ஒரு எழுத்துகூடத் திருத்தக் கூடாதா?"

"கூடாது."

"நானே எழுதனா நானே பேசறேன்ப்பா" என்றாள் எழில்மதி.

பகலவனுக்கு வானத்தில் பட்டாசு வெடித்தது. மகள் பேசுகிறேன் என்கிறாள்! எழுத்தைத் திருத்தக் கூடாது, சரி. முறையைச் சொல்லித்தரக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே.

"கேளு கண்ணு. குத்தத்த வரிசையா வை. ஒன்னு, ரெண்டு, மூணு. பேர மட்டும் கடைசி வரைக்கும் சொல்லாத. கூட்டம் துடிக்கணும். பேரு பேருன்னு கத்தணும். அப்புறம் எடது பக்கம் பாரு. வலது பக்கம் பாரு. மூச்ச இழு. பேரப் படி! செத்தான் எதிரி!"

எழில்மதி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதன்பிறகு மூன்று வாரம் அவள் வீட்டில் தங்கவில்லை. பள்ளி விட்டதும் நோட்டோடு கிளம்பிவிடுவாள். தபால்காரரை விசாரித்தாள். டீக்கடையை விசாரித்தாள். ஒரு சனிக்கிழமை, ஒரு பக்கெட் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போனாள். ஒருநாள் அமிர்தம் அவளைக் கள்ளக்குறிச்சிக்கே கூட்டிப்போய் வந்தாள். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகம் பூட்டியதாக நினைத்துக்கொண்டிருந்ததாம். அந்த இன்னோர் அலுவலகம், இந்த அலுவலகம் பூட்டியதாக. வீட்டில் தாயும் மகளும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பகலவன் அருகில் போனால் நோட்டு மூடிக்கொண்டது. அவர் பெருமையில் வீங்கினார். பக்கத்து வீட்டுப் பச்சமுத்துவிடம், "சிக்கினான்டா ஒரு பெரிய மீனு" என்று தினமும் சொன்னார்.

"யாருண்ணா?"

"தெரியாது. ஆனா பெரிய மீனு."

ஆகஸ்ட் பதினைந்து. ஊராட்சி அலுவலகத்து வாசலில் ஷாமியானா. கொடி ஏறியது, மிட்டாய் முடிந்தது. நூற்றைம்பது பேர். பகலவன் முன்வரிசை நாற்காலியில் சலவைச் சட்டையில். அமிர்தம் பெண்கள் பக்கம், மடியில் ஒரு துணிப்பையோடு. தலைவர் செந்தமிழ்ச்செல்வி, "அடுத்து, நூலகம் சம்பந்தமா மாணவி எழில்மதி" என்றார்.

எழில்மதி மைக்கைத் தள்ளி வைத்தாள். அது அவளுக்குத் தேவைப்படவில்லை.

"ஒன்று! ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை நம்ம ஊர் நூலகம் பூட்டப்பட்டது. இரண்டு! பகுதிநேர நூலகர் வந்து மூன்று நாள் வாசலில் நின்று பார்த்தார். நான்காம் நாள் வேறு ஊருக்குப் போய்விட்டார். மூன்று! உள்ளே ஆயிரத்து நூறு புத்தகம். சன்னல் வழியாகப் பார்த்தேன். இப்போது கரையான் படித்துக்கொண்டிருக்கிறது. நான்கு! தட்டான் ஏன் தண்ணீரைத் தொடுகிறது என்று எனக்கும் தெரியவில்லை, எங்கள் அப்பாவுக்கும் தெரியவில்லை!"

கூட்டம் சிரித்தது, கைதட்டியது. பகலவனும் தட்டினார். கண்ணில் நீர் கோத்துவிட்டது. என்ன குரல்! என்ன வரிசை! முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்.

எழுந்து நின்று கையைத் தூக்கினார். "பேரப் படி!"

"பேரப் படி! பேரப் படி!" கூட்டம் பிடித்துக்கொண்டது. பச்சமுத்து நாற்காலி மேலேயே ஏறிவிட்டான்.

அப்போது அமிர்தம் எழுந்தாள்.

"தலைவரம்மா, ஒரு வார்த்தை. பேரு தெரிஞ்சிட்டா, அவரு என் மாமன், இவரு என் மச்சான்னு ஆளாளுக்கு எறங்கி வந்துருவாங்க. மொதல்ல தண்டனைய எழுதிக்கலாம். அப்புறம் பேரு படிக்கட்டும்."

முப்பது வருடத்தில் இவ்வளவு கூர்மையான யோசனையைப் பகலவன் கேட்டதில்லை. அதுவும் தன் வீட்டிலிருந்து!

"எழுதுங்கம்மா, நானே சொல்றேன்!" என்று கர்ஜித்தார். "பூட்டனவன் எவனா இருந்தாலும் சரி. ஊரு முன்னால மன்னிப்பு கேக்கணும். அவன் கையாலயே தொறக்கணும். ஆறு மாசம் தெனமும் காலையில போயி பெருக்கித் தொடைக்கணும்!"

"ஆறு மாசம் ஜாஸ்தியா இல்ல?" என்றாள் அமிர்தம் கவலையோடு.

"கம்மி! ஒரு வருஷம் போடுங்க! எங்க அப்பனே பூட்டியிருந்தாலும் ஒரு வருஷம்!"

தீர்மானம் எழுதப்பட்டது. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் பகலவன் காகிதம் கிழிகிற அழுத்தத்தில் கையெழுத்துப் போட்டார். பச்சமுத்து வழிமொழிந்தான். சாட்சிக்குப் பதினெட்டுப் பேர் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். அத்தனை பேரும் பெண்கள், அத்தனை பேரும் நூறு நாள் வேலைக்காரர்கள். அமிர்தம் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஆணியில் தொங்கிய ஏழு சாவி.

"இது இன்னாத்துக்கு?" என்றார் பகலவன்.

"உஷ். புள்ள பேசுது."

"ஐந்து!" என்றாள் எழில்மதி. "நூலகக் கதவில் ஒன்றன்மேல் ஒன்றாக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, மாட்டுச் சந்தை. ஒன்பது நோட்டீசைத் தண்ணீரில் நனைத்து உரித்தேன். அடியில் பத்தாவது. பூட்டினவர் ஒட்டியது. அந்த நூலகத்தில் இன்றைக்குப் படிக்கக் கிடைப்பது அது ஒன்றுதான். முழுநேர நூலகர் வரும்வரை திறக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறது. ரோஸ் காகிதம்."

பகலவனின் தூக்கிய கை பாதி வழியில் நின்றது. ரோஸ் காகிதம். திங்கட்கிழமை. ஏழாவது பூட்டு. மற்ற ஆறுக்கும் அதிகாரிகள் ஓடிவந்து பேச்சுவார்த்தை நடத்தினார்கள். ஏழாவதுக்கு யாருமே வரவில்லை. அவரும்கூட.

"போதும் கண்ணு" என்றார்.

"பேரப் படி! பேரப் படி!" என்று நாற்காலிமேல் நின்று பச்சமுத்து கத்தினான்.

எழில்மதி இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். பதினெட்டு சாட்சிகளுக்கும், ஊருக்கும், மலைக்கும் கேட்கும்படி படித்தாள்:

"இவண், அநீதிக்கு என்றும் அஞ்சாத உங்கள் தோழன், பகலவன்!"