பெற்ற பிள்ளைக்கு ஒரு பெட்டிசம்

"ரத்தம்," என்றாள் டொறத்தி.

வென்ட்வேர்த்வில் வீட்டு லோண்டறியில், மகனின் றக்பி ஜெர்சியைத் தேர்தல் கொடி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்துப் பட்டியில் ஒரு கறை. ஜெர்சிக் கையில் இன்னொன்று. முதுகில் இலங்கை வரைபடம் போல, தீவுப் பகுதி உட்பட, பெரிதாக ஒன்று.

யாக்கோபு அதைப் பார்த்தார். அடுத்த நொடி டோர்ச் லைட்டோடு ஹோலில் நின்றார். அங்கே றெக்சன் சோபாவில் சாய்ந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஊரில், மன்னார்க் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில், பத்தொன்பது வருடம் கோப்புப் பார்த்த கண்கள் யாக்கோபுவுடையவை. உச்சந்தலை தொடங்கி உள்ளங்கால் வரை மகனைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு கீறல் இல்லை. ஒரு நுளம்பு கடித்த தடம்கூட இல்லை.

"எங்கை தம்பி காயம்?"

"காயம் ஒண்டும் இல்லையப்பா. ஐ ஆம் ஃபைன்."

"அப்ப இந்த ரத்தம்?"

றெக்சன் சொதியை ஊற்றிக்கொண்டான். "றக்பி எண்டா அப்பிடித்தான்."

யாக்கோபு மனைவியைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"இஞ்சை பாரும். வெளியிலை காயம் இல்லை. ஆனா ரத்தம் இருக்கு. அப்ப அதுக்கு என்ன பேர்?"

"என்ன பேர்?"

"உள்காயம்."

டொறத்தி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

றெக்சன் பல் வைத்தியம் மூன்றாம் வருடம் படிக்கிறான். கிழமை நாட்களில் பல்கலைக்கழகத்துக் கல்லூரி விடுதியில் இருப்பான். சனிக்கிழமை அந்தக் கல்லூரி அணிக்கு விளையாடிவிட்டு, பின்னேரம் ஊத்தை உடுப்பு மூட்டையோடு வீடு வந்து சேருவான். சாதுவான பிள்ளை. வீட்டுக்குள் வந்த பெரிய சிலந்தியைக் கிண்ணத்தால் மூடி, அடியில் ஒரு நத்தார் வாழ்த்து மட்டையைச் செருகி, வேலியோரம் கொண்டுபோய் விட்டு, "கவனமாப் போ" என்று வழியனுப்பிய பிள்ளை. பூசைக்கு உதவி செய்த காலத்தில் மெழுகுதிரியை ஊதி அணைக்கவே மனம் வராமல் கண்கலங்கி நின்றான் என்று கோயில் முழுக்கப் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சைத் தொடக்கிவிட்டது யாக்கோபு என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட பிள்ளையை, ஐந்தடி நாலங்குல உயரத்தை வைத்துக்கொண்டு, ஸ்க்ரமின் முன்வரிசை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஸ்க்ரம் என்பது எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையைக் கவிழ்த்து, தோளோடு தோள் முட்டி, ஒரே குவியலாக உறுமுவது. எதிரணிக்காரன் ஒவ்வொருவனும் ஒரு குளிர்சாதனப் பெட்டி அளவு. இரட்டைக் கதவு வைத்த பெட்டி. யாக்கோபு ஒரே ஒரு தடவை மட்ச் பார்க்கப் போனார். முதல் ஸ்க்ரமுக்குக் கண்ணை மூடியவர், எல்லாரும் கைதட்டி முடித்துக் கார் எடுக்கப் போன பிறகுதான் திறந்தார்.

"ஒரு விரல் முறிஞ்சாலும் இவன் பிறகு எதாலை பல்லுப் பிடுங்குவான்?" என்றார் மனைவியிடம். "மூண்டு வருசப் படிப்பு அம்போ."

"போய்க் கோச்சோடை கதையுங்கோவன்," என்றாள் டொறத்தி.

போனார். இரண்டு ரயில் மாறி, கோட்டுப் போட்டு, ஒரு பெட்டி கேக்கும் கொண்டுபோனார். கோச் வொறன் ஒரு பனங்குற்றி மாதிரியான மனிதர். யாக்கோபு சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"உங்கள் மகனைப் பற்றி மட்டும் கவலைப்படாதீர்கள்," என்றார். "அந்தக் குவியலுக்குள் இருக்கிற பதினாறு பேரில் மிகவும் பாதுகாப்பாக இருப்பவன் அவன்தான்."

கேக்கில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். பிறகு யாக்கோபுவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். யாக்கோபு இரண்டடி முன்னால் போய் நின்றார்.

"பிள்ளைக்காக இவ்வளவு தூரம் வருகிற அப்பாவை நான் கண்டதில்லை. இதுவரை அவனைப் பாதி மட்ச்சுக்குத்தான் இறக்கினேன். இனி முழு மட்ச்சும் அவன்தான்."

வீட்டுக்கு வந்த யாக்கோபு கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"என்னவாம்?" என்றாள் டொறத்தி.

"முந்திப் பாதி செத்தான். இனி முழுசாச் சாவான்."

அப்போதுதான் அவருக்குள் படுத்திருந்த பழைய யாக்கோபு எழுந்து கொட்டாவி விட்டார். கச்சேரியில் அவர் போட்ட மொட்டைப் பெட்டிசங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒரு பெட்டிசத்தில் ஒரு பொறியியலாளர் மாற்றலானார். இன்னொன்றில் ஒரு பாலமே இடம் மாறியது. பெயர் போடாத கடிதத்துக்கு உள்ள பலம் பெயர் போட்ட கடிதத்துக்கு இல்லை என்பது அவர் கண்டறிந்த உண்மை.

முரட்டு ஆட்டம் ஆடுகிறவனை மட்ச்சிலிருந்து நிறுத்திவைப்பார்கள். நிறுத்திவைத்தால் பிள்ளை மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பான். வாங்கில் இருக்கிறவனுக்கு விரல் முறியாது. ஆகவே பிள்ளை முரடன் என்று ஒரு பெட்டிசம் போதும்.

ஆனால் அவருக்கு றக்பி முறைகேடு ஒன்றும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை மகனைப் பக்கத்தில் இருத்தினார்.

"தம்பி, சும்மா ஒரு அறிவுக்குக் கேக்கிறன். அந்தக் குவியலுக்குள்ளை என்னென்ன அநியாயம் நடக்கும்?"

றெக்சன் கொஞ்சம் யோசித்தான். பிறகு பாடம் ஒப்புவிக்கிற மாதிரித் தொடங்கினான்.

"எல்லாற்றை தலையும் கீழையப்பா, றெஃபரிக்கு ஒண்டும் தெரியாது. சின்னி விரலைப் பிடிச்சுப் பின்னுக்கு மடக்கலாம். கக்கத்துக்குள்ளை கிள்ளலாம், அங்கைதான் நோவு கூட. தாடைக்குக் கீழை நெத்தியாலை ஒரு சின்னத் தட்டு, பெலமாத் தட்டத் தேவையில்லை. காது எண்டா மேல் நுனியைத்தான் கடிக்கோணும். கீழை சிலபேர் தோடு போட்டிருப்பாங்கள், பல்லுக்குக் கூடாது."

இப்படிப் பதினொரு விதம் சொன்னான். கையை ஆட்டி, கோணம் எல்லாம் காட்டினான். யாக்கோபு குறித்துக்கொண்டே வந்தார். ஏழாவதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதெல்லாம் ஒவ்வொரு கிழமையும் நடக்குதா, ராசா?"

"மட்ச் இருந்தா," என்றான் றெக்சன்.

குசினிக்குள் வந்து டொறத்தியின் சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்தார் யாக்கோபு. "பதினொரு விதமாச் சித்திரவதை செய்யிறாங்கள். வாய் திறந்து ஒரு முறைப்பாடு சொல்லுதில்லை அந்தப் பிள்ளை."

அன்று இரவே பெட்டிசம் எழுதினார். கையெழுத்துப் பிடிபடக் கூடாது என்று இடக்கையால் எழுதினார். மகன் பட்ட வேதனைகளில் ஐந்தை எடுத்து, பட்டவனைச் செய்தவனாக மாற்றினார். அடியில் 'நீதியை நேசிக்கும் ஒருவர்' என்று போட்டார். தபால் முத்திரையை வைத்துப் பிடித்துவிடுவார்கள் என்று ரயில் ஏறி ஹோம்புஷ் வரை போய் அங்கே பெட்டியில் போட்டார். போனதற்கு ஒரு மசாலாத் தோசையும் சாப்பிட்டார்.

பத்து நாளில் றெக்சன் போன் எடுத்தான்.

"அப்பா, கெஸ் வாட்? நான் கப்டன்."

யாக்கோபு போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "ஏன்?"

"விளையாட்டுக் கமிற்றிக்கு ஆரோ என்னைப் பற்றி மொட்டைக் கடிதம் போட்டவையாம். கமிற்றி கோச்சுக்கு அனுப்பினது. கோச் அதை ட்றெஸ்ஸிங் ரூமிலை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினவர். முப்பது வருசத்திலை எங்கடை கொலிஜ்காரன் ஒருத்தனுக்கும் இப்பிடியொரு கடிதம் வரேல்லையாம். கண்ணாடி போட்டு மாட்டப் போறாராம்."

கச்சேரியில் ஒரு சூத்திரம் உண்டு. பெட்டிசம் பலிக்கவில்லை என்றால் குற்றம் பெட்டிசத்தில் இல்லை, பிரதியில். யாக்கோபு தலையில் அடித்துக்கொண்டார். அவசரத்தில் ஒருவருக்கும் பிரதி போடவில்லையே.

இரண்டாவது பெட்டிசத்தில் பதினொரு குற்றத்தையும் வரிசையாகப் போட்டார். அடியில் பிரதிகள்: பல்கலைக்கழகத் துணைவேந்தர், பல் வைத்தியப் படிப்புக்குப் பொறுப்பான பீடாதிபதி, தொகுதி எம்.பி., ஆயர் இல்லம். ஆயருக்கும் றக்பிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கக் கூடாது. பெட்டிசப் பிரதி கலியாண அழைப்பு மாதிரி. அனுப்பினால் வரமாட்டார்கள், அனுப்பாவிட்டால் கோபிப்பார்கள்.

நாலு பேரில் மூன்று பேர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. நாலாமவர் பீடாதிபதி. அவர் திறந்தார், வாசித்தார், தன் காதைத் தடவிப் பார்த்தார். பிறகு கடிதம் அனுப்பினார்.

அதை றெக்சன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். முகம் வெளுத்திருந்தது. செவ்வாய்க்கிழமை விசாரணை. மற்றவர் காதைக் கடிக்கிற ஒருவன் நோயாளியின் வாய்க்குள் கைவைக்கத் தகுதியானவனா என்று பீடம் கேட்கிறது. குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்து நிறுத்துவார்கள்.

"மட்ச்சிலையிருந்து இல்லையே?" என்றார் யாக்கோபு ஈனக்குரலில்.

"படிப்பிலையிருந்து, அப்பா."

றெக்சன் அறைக்குள் போய்ப் போர்த்துக்கொண்டு படுத்தான். டொறத்திக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"எந்த நாசமாப் போனவன் இதை எழுதினவன்? அவன்ரை கை—"

"கையை விடும்," என்றார் யாக்கோபு அவசரமாக. "கையைப் பற்றி ஒண்டும் சொல்லாதேயும்."

அவள் நிறுத்தினாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள். நேராக அவருடைய அலுமாரிக்குப் போனாள். எந்தக் கடிதத்துக்கும் அலுவலகப் பிரதி ஒன்று வைக்காமல் யாக்கோபுவுக்குச் சாப்பாடு இறங்காது. இரண்டு பெட்டிசமும் கோப்பில் இருந்தன. கோப்புக்கு மேல், அழகான வலக்கை எழுத்தில், 'றெக்சன் – முறைப்பாடுகள் – இரகசியம்' என்று எழுதியிருந்தது.

டொறத்தி கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். 

"ஊரிலை அண்ணனுக்குத் தம்பி பெட்டிசம் போட்டது கேள்விப்பட்டிருக்கிறன். மாமனுக்கு மருமகன் போட்டதும் தெரியும். பெத்த பிள்ளைக்குப் போட்ட மனுசன் நீங்கள் ஒராள்தான்."

"அவனைக் காப்பாத்தத்தானப்பா."

"செவ்வாய்க்கிழமை இந்தக் கோப்போடை அங்கை போறியள். நான்தான் எழுதினனான், எல்லாம் பொய்யெண்டு சொல்லுறியள். சொல்லாட்டி வீட்டை வராதேங்கோ."

விசாரணை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவி, ஓய்வுபெற்ற நீதவான், சிரித்தே அறியாத முகம். ஒரு பக்கம் பீடாதிபதி. மறுபக்கம் குறிப்பெடுக்கிற சட்ட மாணவி. அவள் பெயர் ஜெனோஜா, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை.

"அங்கிள், தமிழிலை சொல்ல விருப்பமெண்டா சொல்லுங்கோ. நான் மொழிபெயர்க்கிறன்," என்றாள் அவள்.

அந்த ஒரு சொல் யாக்கோபுவின் மடையை உடைத்துவிட்டது. எழுந்து கோப்பை மேசையில் வைத்தார்.

"மதிப்புக்குரியவர்களே, நீதியை நேசிக்கும் ஒருவர் நான்தான்."

பீடாதிபதி நிமிர்ந்து பார்த்தார். றெக்சனின் வாய் திறந்தபடி நின்றது.

"இந்தப் பிள்ளை விளையாட்டிலை அடிபட்டுச் சாகப்போகுது எண்ட பயத்திலை, இவனை நிப்பாட்டிப்போடுவியள் எண்டு நான் எழுதினனான். அதிலை ஒரு வரிகூட உண்மையில்லை. எல்லாம் என்ரை சோடிப்பு. இவன் அடி வாங்கினவனே தவிர அடிச்சவனில்லை. தண்டனை தாறதெண்டா எனக்குத் தாருங்கோ. என்ரை பென்ஷனை நிப்பாட்டுங்கோ. என்னை மன்னாருக்குத் திருப்பி அனுப்புங்கோ."

"அப்பா, ப்ளீஸ்," என்றான் றெக்சன் மெதுவாக. "காணும். இருங்கோ."

"பாத்தியளா," என்றார் யாக்கோபு கண்ணீரோடு. "இவ்வளவு செய்த தகப்பனுக்கும் கதிரை காட்டுற பிள்ளை இது."

ஜெனோஜா எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பீடாதிபதியைப் பார்த்தார். பீடாதிபதி கூரையைப் பார்த்தார். பிறகு தலைவி ஜெனோஜாவிடம் ஏதோ கேட்டார்.

"அங்கிள், நீங்கள் மட்ச் ஏதும் பாத்தனீங்களோ எண்டு கேக்கினம்."

"ஒரு மட்ச்சுக்குப் போனனான், பிள்ளை. கண் திறக்கேல்லை."

அதை அவள் சொன்னதும், சிரித்தே அறியாத அந்த முகம் ஒரு கணம் கோணி நிமிர்ந்தது. தலைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு, 'நீயே சொல்லு' என்பதுபோல ஜெனோஜாவுக்குத் தலையசைத்தார்.

ஜெனோஜா பேனையை மூடி வைத்தாள். தண்ணீர்ப் போத்தலை யாக்கோபுவின் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

"அங்கிள், முதல்லை கொஞ்சம் தண்ணி குடியுங்கோ. மூண்டு நாளா எல்லா மட்ச்சின்ரை வீடியோவையும் நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தனாங்கள்; நீங்கள் எழுதின பதினொண்டும் அச்சொட்டா உண்மை, இன்னும் நாலைத்தான் விட்டிட்டியள்."