இணைப்பில் ஒரு மூச்சு

1997ஆம் ஆண்டு, ஜூன் திங்கள் 12ஆம் நாள், வியாழக்கிழமை. கத்திரி வெயில் கழிந்து பதினைந்து நாட்கள் ஆகியும் வெப்பம் தணிந்தபாடில்லை. மேற்கிலிருந்து அனற்காற்று வீசிக்கொண்டிருந்தது. கடற்காற்று நண்பகலுக்குப் பின்னரே எழும் என்பதால், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கரையோரம் அமைந்திருந்த நீலத்திரை விடுதி, கடலை வெறுமனே பார்த்தவாறு வியர்த்துக்கொண்டிருந்தது.

காலை பத்து மணியளவில், ஏழாம் எண் அறையில் தங்கியிருந்தவர் இடுப்பில் துண்டோடு வரவேற்பு மேசைக்கு வந்து நின்றார்.

"யாருய்யா இங்க டெலிபோன் ஆபரேட்டரு?"

"நான்தான் சார். செல்வராஜ்."

"நான் என் பொண்டாட்டியாண்ட பேசிகினு கீறேன். நடுவுல எவனோ புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வுடுறான். பக்கத்துல யாரு படுத்துகினு கீறதுன்னு கேக்குறா அவ. நான் இன்னான்னு சொல்றது?"

செல்வராஜ் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பணிவுடன் எழுந்தான். மறுமொழி கூற வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஒரு மூச்சு வந்தது. தோள்கள் இரண்டும் காதைத் தொடுமளவு உயர, மார்பு விரிய, நீண்டதொரு மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டான்.

"இதான்! இதே மூச்சுதான்!" என்று ஏழாம் எண் அறைக்காரர் விடுதி அதிரக் கூவினார்.

மூச்சு இரு வகைப்படும். அவையாவன உள்மூச்சு, வெளிமூச்சு என்பனவாகும். செல்வராஜுக்கோ சித்திரை மாதம் முதல் மூன்றாவது வகை ஒன்று வாய்த்திருந்தது. இயல்பாக வரும் மூச்சு மார்பின் அடிவரை சென்று சேராதது போல் அவனுக்குத் தோன்றும். ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் முக்கால் படி விழுந்தாற்போன்ற குறை அது. அக்குறையை நிரப்ப ஆழமாக ஒன்று இழுப்பான். சில வேளை நிரம்பும். பல வேளை வழியிலேயே நின்றுவிடும். உடனே இன்னொன்று இழுத்தாக வேண்டும்.

சித்திரையில் அவனுக்கு நேர்ந்த வேறொன்றும் உண்டு. ஈராண்டுகளாகத் தற்காலிக ஊழியனாக இருந்த அவனை, ஆனி பிறந்ததும் நிரந்தரமாக்குவதாக முதலாளி கியாசுதீன் பாய் வாக்களித்தார். நிரந்தரமானால் விடுதியின் பின்புறக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைக்கும். செங்கல்பட்டிலிருந்து நாள்தோறும் இரு பேருந்து மாறி, திருக்கழுக்குன்றத்துக் கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்று வர வேண்டியதில்லை. நல்ல சேதி வந்த நாளிலிருந்தே மூச்சும் நிறையாமற்போயிற்று.

மேலாளர் ராஜாராம் அவனைத் தம் அறைக்கு அழைத்தார்.

"செல்வராஜ், இது மூணாவது கம்ப்ளெய்ண்ட். ஒட்டுக் கேக்குறியா?"

"ஐயையோ! லைனக் குடுத்ததும் எனக்கு ஒரு சத்தமும் வராது சார்."

"உனக்குக் கேக்காது. ஆனா உன் மூச்சு அவங்களுக்குக் கேக்கும். போன மாசம் வந்த போர்டு அப்படி. வெளிநாட்டு ஐட்டம்ப்பா."

"ஒருபக்கம் மட்டும் எப்பிடி சார் கேக்கும்?"

"என்னையே குறுக்கு விசாரணை பண்றியா? வர்ற வியாழக்கிழமை முதலாளி வர்றாரு. உன் ஆர்டரும் அன்னிக்குத்தான். அதுக்குள்ள அந்த மூச்சை நிறுத்து."

மூச்சை நிறுத்தச் சொன்ன மேலாளர் உலகில் அவர் ஒருவராகவே இருக்கக்கூடும். எனினும் செல்வராஜ், "சரிங்க சார்" என்றான். சொன்ன கையோடு ஒன்று இழுத்தான்.

முதல் பரிகாரமாக, ஹெட்போனின் வாய்ப்பகுதியில் ஈரத்துண்டைச் சுற்றினான். அதன் பயனாக, "வணக்கம், நீலத்திரை" என்னும் அவனது இனிய குரல், கிணற்றுக்குள் விழுந்தவன் உதவி கேட்பது போல ஒலித்தது. மூன்றாம் எண் அறைப் பெண்மணி அதைக் கேட்டு, விடுதியில் முன்பு யாரேனும் இறந்துள்ளனரா என்று விசாரித்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அன்று மாலை பன்னிரண்டாம் எண் அறையிலிருந்து புகார் வந்தது. பேச்சின் நடுவே மூச்சு தெளிவாகக் கேட்டதாம்.

துண்டைத் துளைத்து, கம்பியில் ஏறி, மாடியிலுள்ள பன்னிரண்டாம் எண் வரை சென்று சேரும் ஆற்றல் தன் மூச்சுக்கு உண்டா? செல்வராஜ் உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்து ஊதிப் பார்த்தான். கை சற்றே வெதுவெதுத்தது. தன் மூச்சின் மீதே அவனுக்கு ஐயம் பிறந்தது.

மறுநாள் மதியம் சமையற்காரர் தாமோதரன் அவனைத் தேடி வந்தார். கையில் வஞ்சிர மீன் வறுவல் இரண்டு துண்டு இருந்தது. ஈராண்டுகளில் அவர் அவனுக்கு ஊறுகாயும் கூடுதலாக வைத்தவரல்லர்.

"துன்னு மச்சான்," என்றார்.

"இன்னா அண்ணாத்த திடீர்னு?" செல்வராஜ் மீனைச் சந்தேகத்துடன் முகர்ந்தான். முகர்ந்ததே ஆழ்ந்த மூச்சாக முடிந்தது.

"கோவளத்துல பிரியாணிக் கடை வெக்கலாம்னு என் மச்சினனாண்ட போன்ல பேசிகினு இருந்தேன். அது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். இன்னிக்கு முதலாளி மெட்ராஸ்லேர்ந்து போன் போட்டு, கடைக்கு இன்னா பேரு வெக்கப்போறேன்னு கேக்குறாரு. எப்பிடிரா?"

"அண்ணாத்த, சத்தியமா நான் யாராண்டயும் மூச்சு வுடல!"

"மூச்சு வுடலயா? லைனு பூரா உன் மூச்சுதான்டா!"

"அந்த மூச்சு வேற, இந்த மூச்சு வேற அண்ணாத்த!"

"மூச்சுல இன்னாடா வேற? லைன்ல உன் மூச்சு கேட்டதுலேர்ந்து, மூணு நாளா மச்சினனாண்ட வெயிலப் பத்தியே பேசிகினு கீறேன். 'மாமா, ஒடம்பு ஏதாச்சும் சரியில்லயா'ங்கிறான். துன்னு. துன்னுட்டு இனிமே என் லைன்ல வராத."

செல்வராஜ் மீனைத் தின்னவில்லை. தின்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். தின்னாவிட்டால் இன்னும் பெரிய பங்கு கேட்பதாகும். அவன் தயங்கி நின்ற இடைவெளியில் தாமோதரன் மூன்றாவது துண்டையும் கொண்டுவந்து வைத்தார்.

வீட்டிலும் நிலைமை சீராக இல்லை. அன்றிரவு உணவுக்குப் பின் மனைவி தெய்வநாயகி தட்டை எடுக்காமல் எதிரே அமர்ந்தாள்.

"சோறு துன்னும்போது மட்டும் பதினொன்னு," என்றாள்.

"இன்னாது பதினொன்னு?"

"பெருமூச்சு. எண்ணிகினுதான் இருந்தேன். ரசத்துக்கு மட்டும் நாலு. யாரு அவ?"

"எவ?"

"எவள நெனச்சி வுடுறியோ, அவ."

"அடியே, மூச்சு நெறய மாட்டேங்குதுடி!"

"பதினாலு வருசம் என்கூட நெறஞ்ச மூச்சு இப்ப ஏன் நெறயல?"

அவ்வினாவுக்கு விடை கூறுமுன் செல்வராஜுக்குப் பன்னிரண்டாவது வந்தது. தெய்வநாயகி ஒரு விரலை மடக்கினாள்.

சனிக்கிழமை காலை இருவரும் செங்கல்பட்டில் ஒரு மருத்துவரிடம் சென்றனர். தெய்வநாயகி உடன் வந்தது அன்பினால் மட்டுமன்று. மருத்துவரிடம் கணவன் எவளுடைய பெயரையேனும் உளறுகிறானா என்று அறியவுமாகும்.

மருத்துவர் முதுகில் குழல் வைத்துக் கேட்டார். நாடி பார்த்தார். பின்னர்ப் புன்னகைத்தார்.

"நுரையீரல் நல்லா இருக்கு. இதயமும் நல்லா இருக்கு. மனசுல ஏதோ பதற்றம். மூச்சு நிறையலையேன்னு நெனச்சு நெனச்சு இழுக்குறீங்க. இழுக்க இழுக்க இன்னும் நிறையாத மாதிரி தோணும். அடுத்த தடவை தோணும்போது இழுக்காம நிறுத்தி, மனசுக்குள்ள பத்து எண்ணி, மூக்கு வழியா மெதுவா விடுங்க. முக்கியமா, அதைப் பத்தியே நெனைக்காதீங்க."

வெளியே வந்ததும் தெய்வநாயகி, "ஒடம்புல ஒன்னியும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. மனசுலதான்னு வேற சொல்றாரு. அப்ப நான் சொன்னதுதான்," என்றாள்.

நினையாதே என்று கூறப்பட்ட நொடியிலிருந்து செல்வராஜ் மூச்சைத் தவிர வேறெதையும் நினைத்தானில்லை. ஆயினும் பத்து எண்ணும் முறை ஓரளவு பயனளித்தது. பேருந்தில் எண்ணினான், நன்றாக இருந்தது. கடற்கரையில் எண்ணினான், மேலும் நன்றாக இருந்தது. திங்கட்கிழமை காலை பணியில் அமர்ந்து நம்பிக்கையுடன் எண்ணத் தொடங்கினான். நான்கு எண்ணுகையில் தொலைபேசி மணி அடித்தது.

பாதியில் விட்டால் பயன் போய்விடும். அவன் பொத்தானை அழுத்திவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தான்.

"ஹலோ," என்றது மறுமுனை.

ஐந்து.

"ஹலோ, நீலத்திரையா?"

ஏழு.

"அட, யாருப்பா லைன்ல?"

பத்து. சேர்த்து வைத்திருந்த மூச்சு முழுவதையும் மூக்கு வழியே வெளியேற்றினான். லாரிச் சக்கரத்தில் காற்றுப் பிடுங்கியது போன்ற ஓசை கம்பிவழிச் சென்னை வரை சென்றது. அதன் பிறகு, "வணக்கம், நீலத்திரை" என்றான், மன அமைதியுடன்.

"இன்னாப்பா செல்வராஜு, அங்க யாராச்சும் மௌத்தா?" என்றார் கியாசுதீன் பாய்.

மன அமைதி அகன்றது.

"இ... இல்ல பாய். எல்லாரும் நல்லாருக்காங்க."

"அப்ப எதுக்கு இந்த மூச்சு? ராஜாராம் சொன்னப்ப நான் நம்பல. இப்ப என் காதாலயே கேட்டுட்டேன். வியாழக்கெழம வர்றேன்."

அதன்பின் இரு நாட்கள் செல்வராஜ் எவரையும் நம்பவில்லை. தாமோதரன் மச்சினன் மீது ஐயம் கொண்டான். ஏழாம் எண் அறைக்காரருக்குத் தூரத்து உறவினர் எவரேனும் ஆபரேட்டர் வேலை தேடுகின்றனரா என விசாரித்தான். புதன் இரவு, தூக்கத்தில் தான் ஏதேனும் பேசுவதுண்டா என்று மனைவியிடமே கேட்டுவிட்டான்.

"ஏன், இன்னா சொல்லிடுவோம்னு பயமா கீது?" என்றாள் தெய்வநாயகி. விடியும்வரை அவள் உறங்கவில்லை. எனவே அவனும் உறங்கவில்லை.

வியாழன் வந்தது. பிற்பகல் நான்கு மணிக்குக் கியாசுதீன் பாயின் கார் வாசலில் நின்றது. பின்னிருக்கையிலிருந்து, தோளில் கம்பிச்சுருளும் கையில் கருவிப்பையுமாகத் தொலைபேசி பழுதுபார்க்கும் ஜெபகுமார் இறங்கினான்.

"வர்ற வழியில கோவளத்துல இவன ஏத்திகினு வந்தேன்," என்றார் பாய். "போர்டுல கோளாறா, ஆளுல கோளாறான்னு பாத்துடலாம்."

"இவன் எதுக்கு பாய்? போர்டுல ஒரு குறையும் இல்ல. குறை ஆள்லதான்," என்றார் ராஜாராம்.

"பாக்கட்டும். பாத்தா இன்னா தேஞ்சா போவுது?"

ஜெபகுமார் திருப்புளியுடன் மேசைக்கு அடியில் புகுந்தான். அவனது இரு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வரவேற்புக் கூடத்தில் தாமோதரன் உள்ளிட்ட ஊழியர் அனைவரும் கூடினர். மேசை மீது இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நிரந்தரப் பணி ஆணை. மற்றொன்று, செல்வராஜ் தானாகவே விலகுவதாக ராஜாராம் தம் கையால் எழுதி வைத்திருந்த கடிதம். பாயின் பேனா இரண்டுக்கும் நடுவே கிடந்தது.

"செல்வராஜு, அல்லா மேல ஆணையா கேக்குறேன். நீ மறைக்காம சொல்லு. அடுத்தவங்க பேச்ச கேக்குறியா, இல்லியா?"

இல்லை என்பது ஒரே சொல். அதைச் சொல்ல வாயெடுத்த தருணத்தில் உள்ளிருந்து அது கிளம்பிற்று. முக்கால் படியில் மூச்சு முட்டி நின்றது. இப்போது இழுத்தால் குற்றவாளியின் பெருமூச்சு என்பர். செல்வராஜ் பல்லைக் கடித்து எண்ணலானான். ஒன்று. இரண்டு.

"பாருங்க பாய், வாயைத் தொறக்குறானா?" என்றார் ராஜாராம்.

ஐந்து. முகம் சிவந்தது.

"மச்சான், சொல்லிடுடா. மனசு லேசாயிடும்," என்றார் தாமோதரன்.

எட்டு. கண்கள் பிதுங்கின. ஒன்பதில் அணை உடைந்தது. இரண்டு மாதக் குறையும் ஒன்றாகத் திரண்டு, தோள் குலுங்க, மேசை மீதிருந்த இரு தாள்களும் படபடக்க, ஒரு மாபெரும் மூச்சாக வெளிப்பட்டது.

ராஜாராம் பறக்கவிருந்த தாள்களைக் கையால் அமுக்கிக்கொண்டார்.

"ஒத்துக்கிட்டான்," என்றார் ராஜாராம்.

கியாசுதீன் பாய் வருத்தத்துடன் தலையசைத்து, பேனாவை எடுத்து, விலகல் கடிதத்தை அவன் பக்கம் நகர்த்தினார். செல்வராஜ் பேனாவை வாங்கிக்கொண்டான். செங்கல்பட்டுப் பேருந்தின் கூட்டமும், வீட்டில் விரல் மடக்கிக் காத்திருக்கும் தெய்வநாயகியும் அவன் கண்முன் தோன்றினர். பெயரின் முதல் எழுத்தை எழுதினான்.

அப்பொழுது மேசைக்கு அடியிலிருந்து ஜெபகுமார் தூசியும் வியர்வையுமாக ஊர்ந்து வெளியே வந்தான். அங்கு நடந்துகொண்டிருப்பது இன்னதென்று அவன் அறியான். திருப்புளியைச் சட்டைப்பையில் செருகியவாறு, மேலாளரைப் பார்த்து உரிமையோடு கடிந்துகொண்டான்.

"இன்னா ராஜாராம் சாரே, எல்லா ரூம் பேச்சும் கேக்குறா மாதிரி போன மாசம் உங்க டேபிளாண்ட ஒரு போனு இழுத்துக் குடுத்தேனே, அதுல வாய்ப்பக்கத்து மைக்க கழட்டிடுங்க, இல்லாங்காட்டி நீங்க மூச்சு வுடுறது லைன்ல கேக்கும்னு அன்னிக்கே சொன்னேனே, இன்னுமா கழட்டல?"

மணி அப்போது சரியாக மாலை நான்கு பதினேழு.