மெத்தில் மாமியும் கெட்டுப்போன இரும்பும்

உலகத்திலேயே ஒரு என்சைமுக்கு எழுந்து நின்று மரியாதை செய்த ஒரே ஜீவன் எங்கள் மெத்தில் மாமிதான்.

வங்காளத்தின் சால்ட் லேக்கில் ஓர் ஆய்வுக்கூடம். நான் ஆராய்ச்சி மாணவன், மாமி சீனியர் டெக்னீஷியன். அந்த ஊர் டாக்குரியாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. டி.என்.ஏ.வில் ஒட்டக்கூடாத இடத்தில் மெத்தில் என்ற துணுக்கு போய் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றிப் பழுதுபார்க்கும் என்சைம்களைப் பிரித்தெடுப்பதில் மாமியை மிஞ்ச ஆள் கிடையாது. மாமியின் நிஜப்பெயர் வாட்ச்மேனுக்கே தெரியாது.

ஒருமுறை என்சைமை ஐஸ் பெட்டியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனோம். பெட்டிக்கு நடு சீட். எனக்கு டிரைவர் பக்கத்தில் அரை சீட். பள்ளம் வரும்போதெல்லாம், "ஆஸ்தே தாதா, ஆஸ்தே! மெதுவா அண்ணா! குலுக்கினா தாங்காது!" என்று மாமி அலறினார். இறங்கும்போது டிரைவர் பெட்டியைப் பார்த்து, குழந்தை சௌக்கியமா என்று வங்காள மொழியில் விசாரித்தார்.

என் என்சைம் மட்டும் மூன்று மாதமாக ஒரு மெத்திலைக்கூடக் கழற்றவில்லை. மாமியிடம் கேட்க வறட்டு கௌரவம். துர்கா பூஜை லீவு முடிவதற்குள் ரிசல்ட் வராவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடு என்றார் கைடு. அஷ்டமி காலை, ஊரே பந்தலில் இருக்க, வேறு வழியின்றி மாமிக்கு போன் செய்து அழுதேன். அரை மணியில் பட்டுப்புடவையோடு வந்து நின்றார்.

"இரும்புக் கரைசல் எப்போடா கலந்தே?"

"திங்கக்கிழமை மாமி. வாரத்துக்கு ஒரு பெரிய பாட்டில் கலந்து வெச்சுடுவேன்."

"அட அசடே! காத்து பட்டா அந்த இரும்பு கெட்டுப்போயிடும்டா. நல்ல இரும்பு இல்லாம அது எப்படி மெத்திலைக் கழட்டும்? மூணு மாசமா அதைப் பட்டினி போட்டுட்டு, வேலை செய்யலைன்னு குறை வேற!"

பட்டுப்புடவை மேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, இரும்பையும் வைட்டமின் சி-யையும் புதிதாகக் கலந்தார். மத்தியானம் கருவியில் கோடு விறுவிறுவென்று ஏறியது. மெத்தில் கழன்றுவிட்டது! நான் குதித்தேன். மாமி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோதனைக்குழாயைப் பார்த்து, "சமத்துடா நீ" என்றார்.

எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்த பிறகுதான் மாமா சொன்னார். முப்பது வருஷத்தில் மாமி, துர்கைக்குக் கை நிறையப் பூப்போட்டுக் கும்பிடும் அஷ்டமி அஞ்சலிக்குப் போகாதது அந்த ஒரு தரம்தானாம். பந்தல் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் என் போன் வந்திருக்கிறது.

இப்போதெல்லாம் அஷ்டமியன்று எந்தப் பந்தலில் நின்றாலும் நான் இரண்டு கை பூ வாங்கிக்கொள்கிறேன். முதல் கை மாமிக்கு.