ஒற்றை வீட்டுக்கும் ஒரு பெட்டி

தீவுப்பகுதியில் பெட்டியரைப் போல எரிச்சலூட்டும் மனிதர் பிறந்ததில்லை. இனிப் பிறந்தால் நான் வேலையை விட்டுவிடுவேன்.

ஊர்காவற்றுறையில் குடிதண்ணீர் பவுசர் லொறி அனுப்பும் தனியார் அலுவலகம் ஒன்றில் எனக்குப் பக்கத்துக் கதிரை அவருடையது. எந்த ஒழுங்கையில் எந்த வீடுகளுக்குத் தண்ணீர் என்று சாரதிகளின் போனுக்கு அனுப்பும் கணினி நிரலை எழுதியவர் அவர்தான். ஓர் ஒழுங்கைக்கு எத்தனை பெயர் வந்தாலும் பட்டியல் என்ற பெட்டிக்குள் போடவேண்டும் என்பது அவருடைய வெறி. பெட்டியர் என்ற பட்டமே அதனால் வந்ததுதான்.

"ஒண்டு வந்தாலும் பெட்டி, நூறு வந்தாலும் பெட்டி, ஒண்டுமே வராட்டி வெறும் பெட்டி. விளங்குதோ?"

ஐயோ, விளங்கியது, விளங்கியது! மனுசன் ஒற்றை வடையைக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, பிறகு திறந்துதான் தின்பார்.

புதிதாக வந்த மானேஜர் நிரலைப் பார்த்தார். "ஒரு வீட்டுக்கு என்னத்துக்கு ஐசே பெட்டி? வீண்வேலை." ஒற்றைப் பெயருக்கான பெட்டியைத் தூக்கிவிட்டார்.

பல வீடுகள் உள்ள ஒழுங்கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாரந்தனையில் ஓர் ஒழுங்கையில் எல்லாரும் கனடா போய், றோசம்மா அக்கா மட்டும் மிச்சம். பெட்டியில்லாமல் வந்த அந்த ஒற்றைப் பெயரையே நிரல் பட்டியல் என்று நினைத்து, எழுத்தெழுத்தாகப் பிய்த்துப் போட்டது. சாரதியின் போனில் 'றோ' ஒரு வீடு, 'ச' இன்னொரு வீடு.

"ஆரடாப்பா இந்த 'ச'?" என்று பவுசரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அக்காவின் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. வெறும் தண்ணீர்க் கான்களோடு பஸ் ஏறி அலுவலகத்துக்கே வந்தார். மானேஜர் தலை நிமிரவில்லை.

"உங்கட பேரில வீடொண்டும் காட்டேல்லை."

"அப்ப நான் இருக்கிறது எங்கையாம், தம்பி?"

பெட்டியர் எழும்பினார். "சேர், ஒரு ஆளெண்டால் ஆளில்லையோ? பெட்டியைத் திருப்பிப் போடுங்கோ."

"ஒரு மனுசிக்காக ஏலாது. நீர் எனக்குப் படிப்பிக்க வாறீரோ?"

அன்றைக்கே பெட்டியருக்கு வேலை போனது. பெட்டி திரும்பவில்லை. மானேஜருக்குச் சம்பளம் கூடியது. இந்த நாட்டில் வேறென்ன நடக்கும்?

அடுத்த கிழமை சாரதி சிரித்துக்கொண்டு போனை நீட்டினான். அந்த ஒழுங்கைக்கு இரண்டு முழுப்பெயர்கள். கனடாக்காரர் ஒருவரிடம் கேட்டு, பூட்டிக்கிடந்த வீட்டின் திறப்பை வாங்கி, றோசம்மா அக்காவுக்குப் பக்கத்து வீட்டில் பாயும் கேத்திலுமாகப் பெட்டியர் குடியேறி, தண்ணீருக்கும் பதிந்துவிட்டார்.

போய்ப் பார்த்தேன். "அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? கூரை ஒழுகுதெல்லோ!"

"ஒழுகட்டும். ரெண்டு வீடெண்டால் அந்த அறுவான் மானேஜருக்கும் பட்டியல் சரியா வரும்."

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா கான்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே போய்விடுகிறேன். அந்த மனுசனைத் தனியே விட எனக்கு மனம் வருவதில்லை.