மூணு செல் குறையுது

"நேத்து நாற்பத்தொண்ணு இருந்துச்சு. இன்னைக்கு முப்பத்தெட்டுதான் இருக்கு. மிச்சம் மூணு எங்கே, தம்பி?"

கேட்டவர் நோயாளியின் அக்கா. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செல்போன் படத்தைக் கண்ணுக்கு ஒட்டவைத்து, ஒவ்வொன்றாக எண்ணி முடித்திருந்தார். ஆய்வக டெக்னீஷியனுக்குக் காது மடல் சுட்டது.

"அது வந்துங்க... மூணும் ஓரமா ஒதுங்கியிருக்கும். படத்துல விழல."

"என் தம்பி செல்லு ஒதுங்குமா? அவன் பஸ்ஸையே ஒதுக்கி ஓட்ட மாட்டானே!"

கட்டிலில் இருந்த பஸ் டிரைவர் குலுங்கிச் சிரித்தார். டெக்னீஷியனும் சிரித்து வைத்தான். சிரிப்பு பாதியிலேயே செத்துவிட்டது.

எல்லாம் முந்தின நாள் லிஃப்டில் தொடங்கிய வினை. டிரைவரின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்து, புற்றுநோயை அடையாளம் காணப் பழக்கி, கோடிக்கணக்கில் பெருக்கி, அவர் உடம்பிலேயே திரும்ப ஏற்றுவதுதான் சிகிச்சை. பெருக்கும் வேலை டெக்னீஷியனுடையது. அன்று காலை எண்ணியபோது செல்கள் சோம்பிக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து லிஃப்டில் இந்த அக்கா.

"என் தம்பி செல்லெல்லாம் எப்படி இருக்கு? அவன் மூணு நாளா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கான். ஒரு வாய் சாப்பிடல."

அவன் லிஃப்ட் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"ஜம்முனு வளருதுங்க."

"படம் இருக்கா?"

செல் வளர்க்கும் சுத்த அறைக்குள் செல்போனுக்கு அனுமதியே கிடையாது. அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால், பாழாய்ப்போன கை தானாகப் போனைத் திறந்து, பயிற்சிக் காலத்துப் படம் ஒன்றை நீட்டிவிட்டது. அது எலியின் செல்.

படத்தைப் பார்த்ததும் டிரைவர் எழுந்து உட்கார்ந்தாராம். தட்டைக் காலி செய்தாராம். மறுநாளே ஆள் அனுப்பிவிட்டார்: "இன்னைக்குப் படம் எங்கே?"

அதே படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கொண்டுபோனான். திருப்பியதில் ஓரம் வெட்டுப்பட்டு மூன்று போய்விட்டன.

அடுத்த நாள் பத்து செல்களை நகல் எடுத்து ஒட்டினான்.

"இதுவும் இதுவும் ஒரே சாடையா இருக்கே?" என்றார் அக்கா.

"ஒரே செல்தாங்க ரெண்டா பிரியும். இரட்டைப் பிள்ளைங்க மாதிரி."

"அப்ப இந்த மூணாவது?"

"அதுவும்... கூடப்பிறந்ததுதாங்க."

அதற்கடுத்த நாள் எதையும் ஒட்டாமல் படத்தைப் பெரிதாக்கினான்.

"ஏன் இப்படி வீங்கிப்போச்சு?"

"நல்லா சாப்பிடுதுங்க."

"பார்த்தியாக்கா, என்னை மாதிரியே!" என்று டிரைவர் இன்னொரு தட்டு கேட்டார். இருப்பதிலேயே குண்டான செல்லுக்குக் 'கண்டக்டர்' என்று பெயர் வைத்தார். தினமும் காலையில் அதற்கு வணக்கம் சொன்னார். ஒரு பெரிய மனுஷன், புற்றுநோயோடு போராடுகிறவர், எலியின் செல்லுக்கு வணக்கம் சொல்வதைப் பார்த்து டெக்னீஷியன் கூனிக் குறுகினான். வீட்டில் சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் இரண்டு நாள் சவரம் செய்யவில்லை.

இதற்கிடையே ஆய்வகத்தில் நிஜமான செல்கள் ஒன்பதாம் நாள் சோம்பல் முறித்தன. அப்புறம் பெருகின பாருங்கள், எண்ணும் இயந்திரத்தை அவன் இரண்டு தடவை சோதித்துப் பார்த்தான். பன்னிரண்டாம் நாள் எல்லாப் பரிசோதனையிலும் தேறி, பையில் நிறைந்து தயாராகிவிட்டன. வாழ்க்கையில் இதைவிட நல்ல செய்தியை அவன் யாருக்கும் கொண்டுபோனதில்லை. ஆனால் டிரைவர் முந்தின நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, ஏத்துறப்போ நம்ம கண்டக்டர்தான் முதல்ல இறங்கணும்."

அதற்கு மேல் தாங்கவில்லை. உண்மையைக் கொட்டிவிட முடிவுசெய்து வார்டுக்குப் போனான். வாசலிலேயே அக்கா நின்றிருந்தார்.

"செல்லு ரெடியாயிடுச்சுங்க. நாளைக்கு ஏத்தப்போறாங்க. ஆனா... நான் காட்டினது எதுவும் உங்க தம்பியோடது இல்லைங்க. எல்லாம் ஒரே படம். திருப்பினேன், ஒட்டினேன், பெருசாக்கினேன். அது எலியோட செல்லுங்க. அன்னைக்கு உங்க தம்பி செல்லு சரியா வளரவே இல்ல. சொல்ல தைரியம் வரல. என்னைத் திட்டுங்க, புகார் கொடுங்க. அவர் முகத்தைப் பார்த்து மட்டும் என்னால இனிமே பொய் சொல்ல முடியாது."

தலையைக் குனிந்து தரையைப் பார்த்தபடி நின்றான். உள்ளே டிரைவர் நர்ஸிடம் சாப்பாடு வந்துவிட்டதா என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"ஒரே படம்தான்னு ரெண்டாம் நாளே தெரியும், தம்பி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல உயிரியல் டீச்சரா இருந்தவ நான். படம் வந்தாத்தான் அவன் சாப்பிடுறான். கேள்வி கேட்காம விட்டா மறுநாள் நீங்க வராம போயிடுவீங்களேன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."